ஏழாம் அத்தியாயம்: சம்மத விவாகரத்தும் பிள்ளையின் பொறுப்பும்

சேர்ந்து வாழ்தல் இனி இயலாது என்னும் முடிவுக்கு இருவரும் வந்துவிட்ட பிறகு, அம்முடிவை நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றிக்கொள்வதற்கு எக்காரியத்தை முதலில் செய்வது, எதனை அடுத்துச் செய்வது, எதனை ஒருபோதும் செய்யாதிருப்பது என்பவற்றை வரிசைப்படுத்திச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். பிரிவது தகுமா தகாதா என்ற விசாரணை இங்கு இல்லை. தமிழ்நாட்டில் வசிப்பவர்களும், 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களும், பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளை உடையவர்களுமான தம்பதியரை மனத்திற்கொண்டே இது எழுதப்படுகிறது. பிற சட்டங்களின்கீழ் மணந்தோர்க்குரிய வேறுபாடுகள் அங்கங்கே சுருக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன.

கைக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: பிள்ளைக்கான ஏற்பாடு முதலில், பணம் இரண்டாவது, விவாகரத்து மூன்றாவது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எப்படியாவது விடுதலை கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், பிள்ளை விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட தம்பதியரே, தீர்ப்பு வந்து ஆண்டுகள் சில கழிந்த பின்னும் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

## முதற்கண் பாதுகாப்பு

சம்மதம் என்பது அச்சமற்ற இருவருக்கிடையே மட்டுமே உண்டாகக் கூடியது. அடி உதை, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியேற்றுதல், கையிற் காசில்லாதபடி செய்தல் முதலியவை நிகழும் வீட்டில், இவ்வத்தியாயத்தின் ஏனைய பகுதிகளைப் படிப்பதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கான உதவிக்கு 181. பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.
2. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரிலோ குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். பாதுகாப்பாணை, வீட்டில் வசிக்கும் உரிமை, பணஉதவி, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய யாவும் அந்த ஒரே மனுவில் கேட்கத்தக்கவை.
3. காயம்பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, சிகிச்சைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.
4. பிள்ளையுடன் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால், வெளியேறிய காரணத்தையும் தங்கியிருக்கும் இடத்தையும் தாமதமின்றி அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையேல், பிள்ளையைக் கடத்திச் சென்றதாக எதிர்த்தரப்பு சொல்வதற்கு அதுவே இடமாகிவிடும்.

## எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தவர்க்கு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு உரியது. இருவர் சம்மதத்தால் விவாகரத்துப் பெறும் இவ்வழி 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஏற்பட்டது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டவர்க்கு அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு. கிறிஸ்தவர்க்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவு. அதன் வாசகத்தின்படி ஈராண்டு பிரிந்திருத்தல் வேண்டும். முஸ்லிம்களிடையே இருவரும் இசைந்து பிரியும் முபாரத் என்னும் முறை உண்டு. மனைவி தனியே வழக்கிட 1939ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது.

குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊர்களில் அங்கேயும், அஃது இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றத்திலும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். திருமணம் நடந்த இடம், தம்பதியர் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், மனைவி மனுதாரராயின் அவர் இப்போது வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தாற் போதும். பிள்ளையின் பொறுப்பை மட்டும் கோரி, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்கீழ் மனுச் செய்வதானால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரே கணக்கு.

## மனுவுக்கு முன் திரட்ட வேண்டியவை

- திருமணப் பதிவுச் சான்றிதழ். பதிவாகாத திருமணமாயின் அழைப்பிதழும் மணவறைப் புகைப்படங்களும்
- இருவரின் ஆதார் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படங்கள்
- பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை
- தனித்தனியே வசிப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் அல்லது வேறு ஆதாரம்
- சம்பளச் சீட்டு, வருமானவரிக் கணக்கு, வங்கிக் கணக்கறிக்கை, கடன் விவரம்
- நகை, சீர்வரிசைப் பொருள்களின் பட்டியல். எது யார் வீட்டில், எந்த வங்கிப் பெட்டகத்தில் உள்ளது என்ற குறிப்புடன்

குறிப்பு: மூலப் பத்திரங்களை ஒருபோதும் கைவிடாதீர்கள். வக்கீலிடம் நகல்களைக் கொடுத்து, மூலத்தை நீதிமன்றம் கேட்கும் நாளில் மட்டும் நேரிற் கொண்டுசெல்லுங்கள்.

## சம்மத விவாகரத்து: படிப்படியாக

1. ஓராண்டு பிரிவு. மனுச் செய்யும் நாளில் இருவரும் குறைந்தது ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்தல் என்பதற்கு வேறு வேறு வீட்டில் இருத்தல் கட்டாயமன்று. ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருப்பின் அதுவும் பிரிவேயாகும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் தெளிவுபடுத்தியது.

2. ஒப்பந்தம். பிள்ளை, ஜீவனாம்சம், நகை, வீடு, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகிய அனைத்தையும் பற்றிய உடன்பாட்டை எழுத்தில் வடித்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் பேசினால் சண்டையில் முடியும் என்ற நிலையிருந்தால் சமரச மையத்தை நாடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டு முதலே அத்தகைய மையம் இயங்கி வருகிறது.

3. முதல் மனு. இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவைப் பிரமாணப் பத்திரத்துடன் தாக்கல் செய்க. ஒப்பந்தத்தை மனுவின் ஒரு பகுதியாகவே இணைத்துவிடுங்கள். தனியே வைத்துக்கொண்ட காகிதத்துக்குத் தீர்ப்பின் வலிமை கிடையாது.

4. ஆலோசனை அமர்வு. சேர்த்துவைக்க முயல்வது குடும்பநல நீதிமன்றத்தின் சட்டக் கடமைகளுள் ஒன்றாதலால், ஆலோசகர் உங்கள் இருவரிடமும் பேசுவார். இதை ஒரு சம்பிரதாயமென்று அலட்சியம் செய்யாமல், பிள்ளைக்கான ஏற்பாட்டில் எஞ்சியுள்ள முடிச்சுகளை அவிழ்க்கும் சந்தர்ப்பமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

5. காத்திருப்பு. முதல் மனுவிலிருந்து ஆறு மாதத்திற்குப் பின், பதினெட்டு மாதத்திற்குள், இருவரும் மீண்டும் வந்து தம் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். எனினும், ஓராண்டுப் பிரிவுக் காலமும் அதற்கு மேல் இந்த ஆறு மாதத்துக்கு ஈடான காலமும் முதல் மனுவுக்கு முன்பே கழிந்திருந்து, சமரச முயற்சிகள் தோற்று, பிள்ளை, பணம் முதலிய யாவும் உண்மையாகவே தீர்ந்துவிட்டிருப்பின், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்விண்ணப்பத்தை முதல் மனு கழிந்து ஒரு வாரத்திற்குப் பின் கொடுக்கலாம்.

6. இரண்டாம் வாக்குமூலம். இருவரும் ஆஜராகி, எவருடைய நிர்ப்பந்தமும் இன்றிச் சம்மதிப்பதாகச் சொல்ல வேண்டும். அயல்நாட்டில் இருப்பவர் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கோரலாம். தீர்ப்பு வரும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறக்கூடும் என்பதால், ஒப்பந்தத் தொகை முழுவதையும் முதல் நாளிலேயே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை இந்த நாளுக்கென வைத்துக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது.

7. தீர்ப்பாணை. சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்றேனும் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கோரக்கூடியதன்று, நீதிமன்றத்தின் அனுமதியோடே அவர் ஆஜராவார். ஆயினும் ஒப்பந்தத்தை ஒரு வக்கீல் படித்துப் பார்ப்பது இன்றியமையாதது. இருவருக்கும் ஒரே வக்கீல் என்பது செலவைக் குறைக்குமேயன்றி ஐயத்தைக் குறைக்காது.

## பிள்ளையின் பொறுப்பு: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

நீதிமன்ற வளாகத்தில் கஸ்டடி என்று வழங்கப்படும் இவ்விஷயத்தில், தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்ற பேச்சுக்கெல்லாம் மேலாகப் பிள்ளையின் க்ஷேமமே தலையாயது என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு விதிக்கிறது. அச்சட்டத்தின்படி ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும். அதற்கு மேற்பட்ட பிள்ளை விஷயத்தில் வயது, படிப்பு, பெற்றோரின் நடத்தையும் வசதியும், இதுவரை பிள்ளை வாழ்ந்துவந்த சூழல் ஆகியவை சீர்தூக்கப்படும்; விவரந்தெரிந்த வயதினதாயின் அதன் விருப்பத்தையும் நீதிபதி தனியே அழைத்துக் கேட்கலாம். சட்டம் தந்தையை முதற் காப்பாளராகச் சொல்லியிருந்தபோதிலும், அதனால் தாய் இரண்டாந்தரத்தவள் ஆகிவிடமாட்டாள் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது.

பிள்ளையின் பொறுப்பைப் பற்றிய எந்த ஆணையும் இறுதியானதன்று. சூழ்நிலை மாறும்போது ஆணையும் மாறலாம் என்பது, சென்னையிலிருந்து சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கை. ஆகவே, ஒருமுறை வென்றுவிட்டோம் என்று எவரும் இறுமாக்கவும் வேண்டாம். ஒருமுறை இழந்துவிட்டோம் என்று இடிந்துபோகவும் வேண்டாம்.

## பிள்ளைக்கான ஏற்பாட்டை எழுதும் விதம்

இந்தப் பகுதியை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, கையில் நாட்காட்டியுடன் எழுதுங்கள். ‘தந்தை விரும்பும்போது பிள்ளையைப் பார்க்கலாம்’ என்ற வாசகம் பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் முதல் மனக்கசப்பில் அதற்கு ஒரு பொருளும் இல்லாமற் போகும். ‘ஒவ்வொரு மாதமும் முதலாம், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை பிள்ளையைத் தாயின் வீட்டு வாசலிலிருந்து அழைத்துச் சென்று, மறுநாள் மாலை 6 மணிக்கு அங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடுவார்’ என்று எழுதுவதே ஒப்பந்தம். கீழ்வருவன ஒவ்வொன்றுக்கும் இத்தகைய தெளிவான வாசகம் வேண்டும்.

1. வசிப்பு: பள்ளி நாள்களில் பிள்ளை யாருடன், எந்த ஊரில் இருக்கும்.
2. வாராந்தரச் சந்திப்பு: நாள், நேரம், அழைத்துச் செல்லும் இடம், கொண்டுவந்து விடுபவர். கைக்குழந்தையாயின் இடைவெளி குறுகியதாகவும், சந்திப்பு சில மணி நேரத்ததாகவும் இருத்தல் நலம்.
3. விடுமுறை: காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளின் பங்கீடு, பொங்கலும் தீபாவளியும் இவ்வாண்டு ஒருவரிடம், மறு ஆண்டு மற்றவரிடம், பிறந்த நாள்.
4. தொலைபேசியும் காணொலியும்: எந்த நேரத்தில், எவ்வளவு நேரம். பேசும்போது மற்றவர் பக்கத்தில் நின்று குறுக்கிடாதிருத்தல்.
5. படிப்பு: பள்ளி மாற்றத்துக்கு இருவர் இசைவு, மதிப்பெண் அட்டையும் பெற்றோர் கூட்ட அழைப்பும் இருவருக்கும் செல்லுதல்.
6. வைத்தியம்: அவசரத்தில் உடனிருப்பவர் முடிவெடுத்து மற்றவருக்கு உடனே தெரிவித்தல், அறுவைச் சிகிச்சைக்கு இருவரின் கலந்தாலோசனை.
7. செலவு: மாதத் தொகை, கொடுக்க வேண்டிய தேதி, வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் உயரும் விகிதம், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதற்குப் புறம்பா, உள்ளடங்கியதா.
8. பயணம்: பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், அயல்நாடு அழைத்துச் செல்ல மற்றவரின் எழுத்துமூல இசைவு எத்தனை நாள் முன் பெற வேண்டும்.
9. ஊர் மாற்றம்: வேலை நிமித்தம் வெளியூர் செல்வதாயின் எவ்வளவு முன்னறிவிப்பு.
10. தாத்தா பாட்டி: இருபக்கத்துப் பெரியோர்களையும் பிள்ளை சந்திப்பதற்கான ஏற்பாடு.
11. தகராறு: ஒப்பந்தத்தின் பொருளில் வேற்றுமை எழுந்தால் முதலில் சமரசம், பிறகே நீதிமன்றம்.

பிள்ளையிடம் இதைச் சொல்லும்போது, இயன்றவரை இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். பிரிவுக்கு அது காரணமன்று என்பதையும், எந்த நாளில் எங்கே இருக்கப்போகிறது என்பதையும் சொன்னாற் போதும். குற்றச்சாட்டுகளின் பட்டியல் அதற்குத் தேவையில்லை.

## ஜீவனாம்சமும் சொத்தும்

விவாகரத்தானால் சொத்தில் சரிபாதி என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு. இந்திய சட்டத்தில் அப்படி ஒரு பொதுவிதி இல்லை. எவர் பெயரில் சொத்து உள்ளதோ அவருடையது அது என்பதே தொடக்கநிலை. திருமணத்தையொட்டி இருவருக்கும் கூட்டாக வந்த பொருள்களைப் பற்றி நீதிமன்றம் ஆணையிடலாம். மனைவிக்கென அளிக்கப்பட்ட நகையும் சீரும் அவருக்கே உரியவை.

வழக்கு நிலுவையிலிருக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சம் இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும், நிரந்தர ஜீவனாம்சம் 25ஆம் பிரிவிலும் வருகின்றன; வருமானமற்ற கணவனும் இவற்றைக் கோரலாம். வழக்கு எதுவும் தொடராமலே ஜீவனாம்சம் மட்டும் கேட்பதானால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியுள்ளது. இத்தகைய வழக்குகளில் இருவரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

எச்சரிக்கை: தமக்குரிய ஜீவனாம்சத்தை ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்; பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. தந்தையின் சொத்தில் பிள்ளைக்குள்ள வாரிசுரிமையும் விவாகரத்தால் அழியாது.

## அடிக்கடி நேரும் பிழைகள்

- முத்திரைத்தாள் விவாகரத்து. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திட, நோட்டரி முத்திரையும் குத்தி, தீர்த்துவிட்டோம் என்று பிரிந்துபோவது. நெடுங்கால வழக்கமென நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படும் சமூக வழக்கங்களுக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதை நிரூபிப்பது அரிது. இப்படிப் பிரிந்து மறுமணம் செய்தவர், முதல் திருமணம் சட்டப்படி உயிரோடிருப்பதால், ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஆளாகலாம்.
- நோட்டீஸை வாங்க மறுத்தல். வாங்காவிட்டால் வழக்கு நடவாது என்று எண்ணுவது பேதைமை. எதிர்த்தரப்பு இல்லாமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.
- ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடுதல். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் நீதிபதியின் கண்ணில் ஒரே வகைக் குற்றமே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள்.
- பிள்ளையைத் தூதனாக்குதல். ‘அப்பாவிடம் ஃபீஸ் கேட்டுவா’ என்று அனுப்புவதும், திரும்பிவந்ததும் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று துருவுவதும்.
- பள்ளி வாசலிலிருந்து அழைத்துச் சென்றுவிடுதல். ஆணையை மீறிப் பிள்ளையைக் கொண்டுபோனால் ஆட்கொணர்வு மனு வரைக்கும் விவகாரம் வளரும். பிற்காலத்தில் பொறுப்பைக் கேட்கும்போது இச்செயலே எதிராக நிற்கும்.
- கோபத்தில் அனுப்பும் செய்திகள். வாட்ஸ்அப்பில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒருநாள் சாட்சியமாகலாம். பிள்ளையைப் பற்றிய செய்திகளை மட்டும், நீதிபதி படித்தாலும் கூசாத மொழியில் எழுதுங்கள்.
- பொய்க் குற்றச்சாட்டு. பேரத்துக்காக இல்லாததைச் சேர்த்து எழுதினால், உள்ள உண்மையும் அதனோடு சேர்ந்து நம்பிக்கையை இழக்கும்.

## சம்மதம் கிடைக்காவிட்டால்

ஒருவர் மட்டும் பிரிய விரும்பினால், கொடுமை, ஈராண்டுக் கைவிடல், பிறன்மனை நாட்டம், மதமாற்றம் முதலிய, இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலுள்ள காரணங்களுள் ஒன்றைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும். திருமணமாகி ஓராண்டு கழியுமுன், அசாதாரணமான கஷ்டம் அல்லது கொடுஞ்செயல் இருந்தாலன்றி, இம்மனுவைக் கொடுக்க இயலாது. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பது ஒரு தனிக் காரணமாக இச்சட்டத்தில் இல்லை. அந்த அடிப்படையில் மணத்தைக் கலைக்கும் தனியதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே உண்டென்று 2023இல் ஷில்பா சைலேஷ் வழக்கில் அதன் அரசியல் சாசன அமர்வு கூறியது. வழக்கு நெடுங்காலம் நீளக்கூடுமாதலால், பிள்ளையின் பொறுப்பு, சந்திப்பு, செலவு ஆகியவற்றுக்கு 26ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஆணையை ஆரம்பத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

## தீர்ப்புக்குப் பின் செய்ய வேண்டியவை

1. வங்கி, காப்பீடு, வருங்கால வைப்புநிதி ஆகியவற்றில் வாரிசுதாரர் நியமனத்தை மாற்றுங்கள்.
2. குடும்ப அட்டையில் பெயர் நீக்கமும் சேர்ப்பும் செய்யுங்கள்.
3. பள்ளிக்கு ஆணையின் நகலைக் கொடுத்து, பிள்ளையை அழைத்துச் செல்ல உரியவர் யார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.
4. பிள்ளைச் செலவை எப்போதும் வங்கி மூலமாகவே செலுத்துங்கள். ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை.
5. தீர்ப்பாணையின் நகல் கைக்கு வருமுன் மறுமணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

## வசதியில்லாதவர்க்கு

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், பிள்ளைகள் உள்ளிட்ட சில பிரிவினர்க்கு வருமான வரம்பின்றியும், ஏனையோர்க்கு வருமானத்தை அனுசரித்தும் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நீதிமன்றம் கலைப்பது கணவன் மனைவி என்ற பந்தத்தை மட்டுமே. தாய் தந்தை என்ற பந்தத்தை எந்த விவாகரத்துச் சட்டமும் கலைப்பதில்லை. ஆதலால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பணத்தைப் பற்றிய பக்கங்களை ஒருமுறை படியுங்கள். பிள்ளையைப் பற்றிய பக்கங்களை இருமுறை படியுங்கள். அவற்றுள் ஒரு வரியேனும் இருபொருள் படுமாயின், அது திருத்தி எழுதப்படும்வரை கையெழுத்திடாதீர்கள்.